ஊறுகாய்த் தட்டும் உப்புமானியும்: நாகானோ முதியோர் உடல்நலம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானில் 1951 முதல் 1980 வரை ஆண்டுதோறும் அதிக உயிர்களைக் கொண்டுபோனது பக்கவாதம். 1981-இல்தான் புற்றுநோய் அதை முந்தியது. அந்தக் காலத்தில் பக்கவாதச் சாவு அதிகமாக இருந்த பகுதிகளில் ஒன்று நாகானோ. நாட்டின் நடுவில், கடற்கரையே இல்லாமல் மலைகளுக்குள் அடைந்து கிடக்கும் மாகாணம் அது. அதே மாகாணத்தின் ஆண்கள் 1990-இல் ஆயுளில் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தார்கள். 2010-இல் ஆண்களுக்கு 80.88 ஆண்டு, பெண்களுக்கு 87.18 ஆண்டு என்று இருபாலரும் முதலிடம் பிடித்தார்கள். முதியவர் ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவோ பல ஆண்டுகள் அங்கேதான் மிகக் குறைவாக இருந்தது.

இந்த இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. நீரிழிவு, ரத்த அழுத்தம், இதயநோய், பக்கவாதம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் 'பழக்கத்தை மாத்திக்கணும்' என்ற அறிவுரையில்தான் வந்து நிற்கிறோம். அறுபது, எழுபது ஆண்டு ஊறிய பழக்கத்தை ஒருவர் எப்படி மாற்றுவார், அவருக்கு யார் துணை நிற்பார் என்ற கேள்விக்கு அந்த அறிவுரையில் பதில் இல்லை. நாகானோவில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அங்கே பழக்கத்தை மாற்றியது மருத்துவரின் எச்சரிக்கை மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண் முறை வைத்துப் படித்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து பேசியதுதான் பெரிய வேலையைச் செய்தது என்பது என் முடிவு.

தொடங்கும் முன் ஒரு திருத்தம். நாகானோ முன்பு அற்பாயுசுக்காரர்களின் ஊராக இருந்து திடீரென்று மாறியது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1965 கணக்கிலேயே அந்த மாகாண ஆண்கள் ஆயுளில் ஒன்பதாம் இடத்தில் இருந்தார்கள். பெண்கள்தான் 26-ஆம் இடத்தில் பின்தங்கியிருந்தார்கள். ஆக, அடித்தளம் ஓரளவு நன்றாகவே இருந்தது. அந்த நல்ல கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது பக்கவாதம். அதற்குப் பின்னால் இருந்தவை உயர் ரத்த அழுத்தமும், அதற்கும் பின்னால் இருந்த உப்பும் குளிரும்.

மலைநாட்டுச் சாப்பாடு

நாகானோவுக்கு உப்பு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஜப்பான் கடலோரத்து இட்டோய்காவாவிலிருந்து மலை ஏறி மாட்சுமோட்டோ வரை சுமார் 120 கிலோமீட்டர் நீளும் பழைய வழிக்கு 'உப்புப் பாதை' என்றே பெயர். மாடுகளின் முதுகிலும் சுமைகூலிகளின் முதுகிலும் உப்பும் உப்பிட்ட மீனும் அந்த வழியாக வந்தன. பனி கொட்டும் மாதங்களில் வயலில் ஒன்றும் விளையாது. அதனால் குளிர்காலம் தொடங்கும் முன் வீட்டுக்கு வீடு பெரிய மரத்தொட்டிகளில் நொசவானா என்ற கீரையை உப்புப் போட்டு, மேலே கல்லை வைத்து அழுத்தி ஊறவைப்பார்கள். வசந்தம் வரும்வரை அதுதான் காய்கறி.

இந்த ஊறுகாய் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மட்டும் அல்ல, தேநீரோடும் வரும். காலை பத்து மணிக்கு ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, நடுவில் யாராவது வந்தால் அப்போது ஒரு முறை. வந்தவருக்குத் தேநீரும் ஊறுகாய்த் தட்டும் வைக்காமல் அனுப்புவது, நம் பக்கத்தில் வந்தவரைக் காபி குடிக்கச் சொல்லாமல் அனுப்புவது போல. எடுத்துக்கொள்ளாமல் எழுந்துபோனால் வீட்டுக்காரருக்கு மனம் சுருங்கும். அந்த ஊறுகாய் மேலேயே சோயா சாஸையும் ஊற்றிக்கொள்கிறவர்கள் நிறைய.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிண்ணம் மிசோ சூப்பில் (சோயாவைப் புளிக்கவைத்த உப்பு விழுதைக் கரைத்த சாறு) ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் உப்பு. மூன்று வேளையும் குடித்தால் அதிலேயே நாலு கிராம் ஆகிவிடும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டரை கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கிண்ணம் நூடுல்ஸின் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் ஐந்து, ஆறு கிராம். இதற்கெல்லாம் மேலேதான் ஊறுகாயும் உப்பு மீனும். 1980-இல் நாகானோவில் ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட உப்பு சராசரியாக 15.9 கிராம். அப்போது நாட்டின் சராசரி ஏறத்தாழ 13. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 5 கிராம்.

வயதானவர்களுக்கு இதில் இரட்டைச் சிக்கல். வயது ஏற ஏற ரத்தக்குழாய் விறைத்துப்போகிறது, சிறுநீரகம் உப்பை வெளியேற்றும் வேகமும் குறைகிறது. ஆகவே அதே அளவு உப்பு முப்பது வயதுக்காரரைவிட எழுபது வயதுக்காரரின் ரத்த அழுத்தத்தை அதிகம் ஏற்றும். இன்னொரு பக்கம், நாக்கில் சுவை உணரும் திறனும் மங்குகிறது. அதனால் அவர்கள் கூடுதல் உப்புக் கேட்கிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் பெரியவரின் நாக்குதான் அடுப்படிக்குச் சட்டம் என்பதால் பேரப்பிள்ளை வரைக்கும் அந்த உப்பு போய்ச் சேர்கிறது.

மேடையேறிய மருத்துவர்

வகாட்சுகி தோஷிகாசு 1910-இல் டோக்கியோவில் பிறந்தவர். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் படித்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்ததற்காகப் போர்க்கால அரசு 1944-இல் அவரைப் பிடித்து ஏறத்தாழ ஓராண்டு காவலில் வைத்தது. வெளியே வந்தவர் 1945 மார்ச்சில் நாகானோவின் உசுடா என்ற சிற்றூருக்குப் போனார். விவசாயக் கூட்டுறவு அமைப்பு அங்கே சாகு மருத்துவமனை என்ற சின்ன மருத்துவமனையைத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கேயே அவர் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிட்டார். 1976-இல் மாக்சேசே விருது பெற்றார், 2006-இல் 96 வயதில் காலமானார்.

அவரிடம் வந்த நோயாளிகள் எல்லாரும் முற்றிய நிலையில்தான் வந்தார்கள். வலித்தும் பொறுத்துக்கொண்டவர்கள் ஒரு வகை, நோய் இருப்பதே தெரியாதவர்கள் இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். நாட்பட்ட நோய்களைப் பற்றிப் படித்தவற்றில் இவ்வளவு தெளிவான பிரிவினையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ரத்த அழுத்தம் இரண்டாம் வகை, மூட்டுவலி முதல் வகை. இரண்டு வகைக்காரர்களும் தாமாக மருத்துவமனைக்கு வர மாட்டார்கள், ஆகவே மருத்துவமனைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். பார்த்து முடிந்ததும் அதே குழு நாடகம் போட்டது. நாடகத்தை எழுதியது அவரே. பேச்சுக்கு வராத விவசாயி நாடகத்துக்கு வருவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கழுத்து இறுக்கம், இடுப்புவலி, கைகால் மரத்துப்போதல், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது, மூச்சு வாங்குவது, தூக்கமின்மை, தலைசுற்றல், வயிறு உப்புசம் ஆகிய தொல்லைகள் விவசாயிகளிடம் சேர்ந்து தோன்றுவதைக் கவனித்து, அதை உழவர்களுக்கே உரிய ஒரு நோய்த்தொகுப்பாக அவர் ஆராய்ந்தார். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று அன்றைய மருத்துவர்கள் கடந்துபோன தொல்லைகள் இவை. அதிக வேலை, குளிரான வீடு, சத்தில்லாத சாப்பாடு, ஓய்வின்மை என்று அவற்றுக்குக் காரணங்கள் இருந்தன. காரணம் இருந்தால் மாற்ற வழியும் இருக்கும்.

யாச்சிஹோ

சாகு மருத்துவமனைக்குத் தெற்கே யாச்சிஹோ என்ற சிறிய கிராமம் இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பணச் சிக்கல் வந்தது. மருத்துவச் செலவில் நோயாளி தரவேண்டிய பங்கை, பார்க்க வந்த இடத்திலேயே ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். அறுவடைக்கு அறுவடை மட்டும் கையில் காசு பார்க்கும் விவசாயிக்கு இது பெரிய தடை. ஏற்கனவே தாமதமாக வருகிறவர் இனி இன்னும் தாமதிப்பார் என்று கிராமத் தலைவரும் வகாட்சுகியும் கவலைப்பட்டார்கள். விதியை அவர்களால் மாற்ற முடியவில்லை. சரி, நோய் முற்றும் முன்பே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள்.

1959-இல் கிராமம் முழுவதற்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்நலக் கையேடு. அதே விவரம் எழுதிய பேரேடு ஒன்று பொதுவில் இருக்கும். போன வருடம் ரத்த அழுத்தம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்பதை விவசாயி தன் கையிலேயே பார்க்கலாம். பரிசோதனை முடிந்த பிறகு அதன் முடிவை விளக்கும் கூட்டம் ஊர் ஊராக நடக்கும். கிராமத்து ஆட்களையே வழிகாட்டிகளாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கொஞ்ச காலம் போனதும் நாடகத்தை அவர்களே போட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கையேட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ரத்த அழுத்தம் வலிக்காது. வலிக்காத நோய்க்காக நாக்கின் ருசியைத் துறக்கச் சொல்வது கடினம். ஆனால் 170 என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அடுத்த ஆண்டு 150 என்று எழுதப்பட்டால் அது கண்ணுக்குத் தெரிகிறது. தன் உடலைப் பற்றிய கணக்கு தன் வீட்டுப் பெட்டியில் இருக்கும்போது மருத்துவரிடம் கேள்வி கேட்கும் துணிவும் வருகிறது. ஜப்பான் அரசு 1982-இல் முதியோர் உடல்நலச் சட்டம் கொண்டுவந்து, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிசோதனையையும் கையேட்டையும் நாடு முழுக்க ஏற்படுத்தியபோது யாச்சிஹோவின் அனுபவம் அதற்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது.

முறை வைத்து வந்த பெண்கள்

ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு நல்ல மருத்துவர் இருந்ததால் மட்டும் ஒரு மாகாணம் மாறிவிடாது. நாகானோவின் மற்ற பாதிக் கதை தகாஹோ என்ற கிராமத்தில் தொடங்கியது. அது இப்போது சுசாகா நகரத்தோடு சேர்ந்துவிட்டது. போர் முடியும் ஆண்டான 1945-இல் காசநோய், குடற்புழு, பிள்ளைப்பேறு என்று ஒரே ஒரு சுகாதாரச் செவிலியர் கிராமம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த இல்லத்தரசிகள் தாங்களும் உதவுகிறோம் என்று முன்வந்தார்கள். 1958-இல் சுசாகாவில் அது முறையான சங்கமாக உருவெடுத்தது. பிறகு மாகாணத்தின் பெரும்பாலான ஊர்களுக்கும் பரவி, ஏறத்தாழ 10,000 தன்னார்வலர்கள் கொண்ட அமைப்பாக வளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பதவிக்காலம். பெரும்பாலான ஊர்களில் இரண்டே ஆண்டு. ஒருவர் முடித்ததும் அதே தெருவின் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு முறை வரும். ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள் என்றில்லை, முறை வந்தால் வரத்தான் வேண்டும். முதலாண்டு ரத்த அழுத்தம் என்றால் என்ன, உப்பு என்ன செய்யும், பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது என்று படிப்பார்கள். அப்புறம் தன் வீட்டில் செய்துபார்த்து, அக்கம்பக்கத்துக்குச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினால் கற்றது வீணாகாதா என்று நிர்வாகிகளுக்குத் தோன்றும். நடந்தது வேறு. ஐம்பது ஆண்டுகளில் ஒரு தெருவில் வயதான பெண்களில் பெரும் பகுதியினர் ஒரு காலத்தில் இந்த வேலையைப் பார்த்தவர்களாக ஆகிவிட்டார்கள். அறிவுரை சொல்ல வருகிறவர் ஒருவர், கேட்கிறவர் பலர் என்ற நிலை போய், கேட்கிறவரும் முன்பு சொன்னவராக இருந்தார். நிரந்தர ஊழியர்களை வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

1981-இல் மாகாண அரசு மூன்றாண்டு உப்புக் குறைப்பு இயக்கத்தை அறிவித்தது. அப்போது நாட்டின் இலக்கு நாளொன்றுக்கு 10 கிராமுக்குள். இந்தப் பெண்கள் உப்புமானியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். கொதித்து இறக்கிய மிசோ சூப்பில் அதை நனைத்தால் எத்தனை சதவீதம் உப்பு என்று காட்டும். 0.8 என்றால் பரவாயில்லை, 1.2 என்றால் அதிகம்.

ஒரு சாதாரணக் கருவிதான். ஆனால் அது வீட்டுக்குள் என்ன மாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாமியார் சமைத்த சூப்பில் உப்பு அதிகம் என்று மருமகள் வாய்விட்டுச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாலும் மனத்தாங்கல்தான். கருவி சொன்னால் அது யாருடைய குற்றச்சாட்டும் இல்லை. யாருடைய கைப்பக்குவத்தையும் அவமதிக்காமல் எண்ணைப் பற்றிப் பேசலாம், அடுத்த மாதம் இன்னொரு முறை அளந்து பார்க்கலாம். முதியவர்களின் பழக்கத்தை மாற்ற நினைக்கிற எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்த மரியாதையைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் சொன்ன வழிகளும் எதையும் முழுசாகப் பறிக்காதவை. மிசோ சூப்பை விட வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், அதிலும் முள்ளங்கி, காளான், உருளைக்கிழங்கு, தோஃபு என்ற சோயாக் கட்டி என்று நிறையப் போட்டால் கிண்ணத்தில் சாறு குறைவாகத்தான் இடம் பிடிக்கும். ஊறுகாய் மேல் சோயா சாஸ் ஊற்ற வேண்டாம். நூடுல்ஸின் சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். ஊறுகாயைப் பெரிய கிண்ணத்தில் நடுவில் வைப்பதைவிட ஆளுக்கொரு சிறு தட்டில் எடுத்துவையுங்கள். விருந்தோம்பலும் குறையாது, கை நீட்டி நீட்டி எடுப்பதும் நின்றுபோகும்.

காய் நிறைந்த சூப்பை அவர்கள் பிடித்தது புத்திசாலித்தனம். 'உப்பைக் குறை' என்று மட்டும் சொன்னால் முதியவர் சாப்பாட்டையே குறைத்துவிடுவார். ருசி இல்லை என்று பாதியில் எழுந்துவிடுகிற எழுபத்தைந்து வயதுக்காரருக்கு ரத்த அழுத்தத்தைவிடத் தசை கரைவது சீக்கிரம் ஆபத்தாகும். காய் நிறைந்த சூப்பில் உப்பு இறங்குகிறது, பொட்டாசியமும் நார்ச்சத்தும் ஏறுகின்றன, தோஃபு புரதம் தருகிறது. 2010-இல் நாடு தழுவிய சத்துணவுக் கணக்கெடுப்பில் நாகானோவின் ஆண்கள் நாளொன்றுக்கு 379 கிராம், பெண்கள் 353 கிராம் காய்கறி சாப்பிட்டு முதலிடத்தில் இருந்தார்கள். (இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர் உப்பை அறவே நிறுத்தினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் குழப்பமும் வரலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.)

1980-இல் 15.9 கிராமாக இருந்த உப்பு 1983-இல் 11 கிராமுக்கு இறங்கியது. மூன்று ஆண்டில் ஏறத்தாழ ஐந்து கிராம். நாக்குக்கு இதற்கு அவகாசம் போதும். படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்களில், குறைந்த உப்பே இயல்பாகப் படும். பழைய சூப்பைக் குடித்தால் அதுதான் கரிக்கும்.

குளிர்

உப்பைப் பற்றியே எல்லாரும் எழுதுவதால் குளிரை மறந்துவிடுகிறார்கள். பழைய ஜப்பானிய வீட்டில் வீடு முழுவதையும் சூடாக்கும் வழக்கம் இல்லை. கொதாட்சு என்ற தாழ்ந்த மேசைக்கு அடியில் கணப்பு இருக்கும், மேலே மெத்தை போர்த்தியிருக்கும், அதற்குள் காலை நீட்டிக்கொண்டு குடும்பமே உட்காரும். கால் வெதுவெதுப்பாக இருக்கும், முதுகுக்குப் பின்னால் உறைபனி. இரவில் சிறுநீருக்கு எழுந்து பனிக்காற்றில் கழிப்பறைக்கு நடக்கும்போது ரத்தக்குழாய் சட்டென்று சுருங்கி அழுத்தம் ஏறும். ஏற்கனவே 180-இல் இருப்பவருக்கு அந்த ஏற்றம் போதும். குளிர்காலத்தில் பக்கவாதம் கூடியதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே வீட்டில் ஓர் அறையையாவது முழுசாகச் சூடாக்குங்கள் என்ற இயக்கமும் அங்கே நடந்தது. இதில் விவசாயியின் விருப்பம் மட்டும் போதாது, அடுப்பு வேண்டும், எரிபொருள் வேண்டும், சந்து அடைத்த சுவர் வேண்டும். வாழ்க்கைமுறை நோய் என்ற சொல்லில் எனக்கு உள்ள வருத்தமே இதுதான். நோய்க்கு நோயாளியின் பழக்கம்தான் காரணம் என்று அது சொல்லிவிடுகிறது. குளிரும் வீடு யாருடைய பழக்கம்? உலக சுகாதார நிறுவனம் 2018-இல்தான் வீட்டு வெப்பம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. நாகானோவின் மருத்துவர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே குளிரை ஒரு நோய்க்காரணமாக எழுதி வைத்திருந்தார்கள்.

கால்கள்

நாகானோ முதியவர்கள் ஓய்வுபெறுவதில்லை என்றே சொல்லலாம். 2010 கணக்கெடுப்பில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 26.7 சதவீதம் பேர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். நாட்டிலேயே அதிகம் அதுதான். பலருக்கு அது சொந்தக் காய்கறித் தோட்டம், ஆப்பிள் தோப்பு, நெல்வயல். மேட்டுநிலத்தில் ஏறி இறங்குவதே உடற்பயிற்சி. அறுவடை செய்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போவதால் பேச்சுத்துணையும் கிடைக்கிறது.

தோட்டம் இல்லாத நகரத்து முதியவர்களுக்கு? இதற்கு மாட்சுமோட்டோவில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் நோசே ஹிரோஷி குழுவினர் ஒரு நடைமுறையைச் சோதித்தார்கள். மூன்று நிமிடம் வேகமாக நடப்பது, மூன்று நிமிடம் மெதுவாக நடப்பது. இப்படி ஐந்து சுற்று அல்லது அதற்கு மேல், வாரத்தில் நான்கு நாளாவது. வேகம் என்றால் கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவு, பேசலாம் ஆனால் பாட முடியாது. சராசரி வயது 63 உள்ள 246 பேரை வைத்து ஐந்து மாதம் நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. இப்படி நடந்தவர்களின் முழங்காலை நீட்டும் வலு 13 சதவீதமும் மடக்கும் வலு 17 சதவீதமும் கூடின. ஒரே சீராக மெதுவாக நடந்தவர்களைவிட இவர்களின் ரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது.

'தினம் நடக்கிறேன், ஆனா ஒரு மாற்றமும் இல்லை' என்று சொல்கிற பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களுக்கு இந்த ஆய்வில் பதில் இருக்கிறது. உலாவுவது நல்லதுதான். ஆனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும், படியேறவும், தடுமாறும்போது விழாமல் நிற்கவும் தேவையான வலு, உடல் சற்றுத் திணறும்போதுதான் வளர்கிறது. மூன்று நிமிடத் திணறல் என்றால் எழுபது வயதிலும் தாங்க முடிகிறது, அடுத்த மூன்று நிமிடம் இளைப்பாறலாம் என்பது தெரிந்திருப்பதால். இதயநோயோ முழங்கால் தேய்மானமோ உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

எது காரணம்?

இவ்வளவையும் படித்துவிட்டு உப்பைக் குறைத்ததால்தான் ஆயுள் கூடியது என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே காலத்தில் ஜப்பான் முழுவதும் ஆயுள் கூடியது, பக்கவாதம் இறங்கியது. ரத்த அழுத்த மாத்திரைகள் வந்தன, குளிர்பதனப் பெட்டி வந்து உப்பிட்டுப் பாதுகாக்கும் தேவையைக் குறைத்தது, புரதம் கூடியது, எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு 1961-இல் வந்தது. எல்லாரும் ஓடிய ஓட்டத்தில் நாகானோ ஏன் முன்னே போனது என்பதுதான் சரியான கேள்வி. மாகாண அரசே 2015-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. முதியோர் வேலை செய்வதும் ஊர்க் காரியங்களில் கலந்துகொள்வதும், காய்கறி அதிகம் சாப்பிடுவது, புகைப்பவர்களும் உடல் பருத்தவர்களும் குறைவாக இருப்பது, உடல்நலத் தன்னார்வலர்களின் வேலை என்று பலவற்றைச் சேர்த்தே சொல்கிறது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று பிரிக்க முடியாது. வேலை செய்வதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருப்பதால் வேலை செய்கிறார்களா என்பதும் இரு பக்கமும் ஓடுகிற கேள்வி.

என்றாலும், உப்பு 15.9-இலிருந்து 11-க்கு இறங்கியது கண்முன் இருக்கும் உண்மை. எந்த மாத்திரையும் அதைச் செய்யவில்லை. நாட்டின் பிற பகுதிகளைவிட மிக அதிகமாக உப்புச் சாப்பிட்ட மக்கள், தங்கள் அடுப்படியில் தாங்களே அளந்து, மூன்று ஆண்டில் அதைச் செய்தார்கள். வயதானவர்களை மாற்ற முடியாது என்று சொல்கிறவர்களுக்கு முன்னால் நான் வைக்க விரும்பும் சான்று இது.

இன்றைய நிலை

2020 கணக்கில் நாகானோ ஆண்கள் 82.68 ஆண்டுடன் இரண்டாம் இடம். பெண்கள் 88.23 ஆண்டுடன் நான்காம் இடம். பெண்களில் முதல் நான்கு இடங்களுக்கு இடையே வித்தியாசம் ஒரு மாதம்கூட இல்லை என்பதால் இறக்கத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. கவலைக்குரியது வேறு. 1983-இல் இறங்கிய உப்பு அதற்குப் பிறகு பெரிதாக இறங்கவில்லை. 11 கிராமை ஒட்டியே பல காலம் நின்றது. ஜப்பானின் 2020 உணவுத் தரநிலையோ ஆண்களுக்கு 7.5 கிராமுக்குள், பெண்களுக்கு 6.5 கிராமுக்குள் என்கிறது. பக்கவாதமும் வெகுவாகக் குறைந்தாலும், 2010-இலும் நாட்டின் சராசரிக்குச் சற்று மேலேதான் இருந்தது.

ஏன் நின்றுபோனது என்பதற்கு என் விளக்கம் இதுதான். 1981-இல் உப்பு வீட்டுத் தொட்டியிலும் வீட்டுச் சட்டியிலும் இருந்தது. போட்டது ஒரு கை, குறைத்ததும் அதே கை. இன்று தனியாக வாழும் முதியவர் கடையிலிருந்து டப்பா உணவு வாங்குகிறார், வெந்நீர் ஊற்றும் நூடுல்ஸ் சாப்பிடுகிறார். அந்த உப்பைப் போட்டவர் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். உப்புமானியோடு அந்தக் கதவைத் தட்டினால் அளக்கலாம், மாற்ற முடியாது. தன்னார்வலர் சங்கத்துக்கும் நெருக்கடி. பெண்கள் வேலைக்குப் போவதால் முறை வரும்போது நேரம் ஒதுக்க ஆள் கிடைப்பது கடினமாகியிருக்கிறது.

2014-இல் மாகாண அரசு தொடங்கிய ஏஸ் திட்டம் உடற்பயிற்சி, பரிசோதனை, உணவு மூன்றையும் சேர்த்துப் பிடித்தது. உப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிய சாப்பாட்டுப் பெட்டிகளைக் கடைகளிலும் உணவகங்களிலும் விற்க வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அடுப்படியிலிருந்து ஆலைக்கு இடம் மாறிவிட்ட உப்பைத் துரத்திக்கொண்டு இயக்கமும் இடம் மாறியிருக்கிறது. இந்த முறை பேச வேண்டிய ஆள் பக்கத்து வீட்டு மாமியார் அல்ல, உணவு நிறுவனத்தின் கணக்குப் பார்க்கிறவர். அவரிடம் எந்தக் கருவியை நீட்டுவது என்பதை நாகானோ இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.